கடலுக்குக் கொடுக்க ஐந்து வழிகள்: எந்த நிறுவனத்துக்கு எது பொருந்தும்?

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு தொழில் நடத்துகிறவர்கள் பலர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கடலுக்கு ஏதாவது செய்யவேண்டும், எப்படிச் சேர்வது? கேட்பவர்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி வைத்திருப்பவர் உண்டு. தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்பவர் உண்டு. கடல் எட்டாத ஊரில் பனியன் தைத்து அனுப்புகிறவரும் உண்டு. மூவருக்கும் ஒரே பதில் இல்லை. எடைபோடும் படிக்கற்கள் மட்டும் மூவருக்கும் பொது.

## எதை வைத்து எடைபோடுவது?

காலம். எவ்வளவு பணம் என்பதற்கு முன்னால், அது எந்த மாதத்தில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. முட்டை பொரிய ஏறத்தாழ 45 நாள் ஆகும். முட்டைகளை எடுத்துவந்து பொரியும்வரை காக்கும் பொரிப்பகத்துக்கு வேலி, இரவெல்லாம் கரையில் நடக்கும் மீனவ இளைஞர்களுக்குக் கூலி, டார்ச், வண்டிக்கு பெட்ரோல், இவையெல்லாம் டிசம்பரிலேயே தயாராக வேண்டும். நிறுவனங்களின் பணமோ நிதியாண்டு முடியப்போகிறது என்ற பதற்றத்தில் மார்ச் மாதம்தான் வெளியே வருகிறது. டிசம்பரில் கைமாற்று வாங்கிச் சமாளித்தவர்களுக்கு அந்தப் பணம் கடனை அடைக்க உதவும், அவ்வளவுதான்.

உங்கள் தொழிலின் தடம். உங்கள் தொழில் கடலுக்கு எதையாவது செய்கிறதா? வெளிச்சம், கழிவுநீர், வலை, பிளாஸ்டிக் உறை என்று ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தொடாமல் வேறு எதற்கோ கொடுக்கும் பணத்தைப் பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள், சந்தேகப்படவும் வேண்டும்.

அனுமதி. பங்குனி ஆமை, கடற்பசு, திமிங்கிலச் சுறா, பவளப்பாறை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு முட்டையைக்கூட இடம் மாற்ற முடியாது. நீங்கள் சேரப்போகும் அமைப்பிடம் அந்த அனுமதிக் கடிதம் இருக்கிறதா, எந்தக் கரைக்கு, எந்தப் பருவத்துக்கு என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

கணக்கு. நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குச் சமூகப் பொறுப்புச் செலவு, அதாவது சிஎஸ்ஆர், சட்டக் கடமை: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2%. மற்றவர்களுக்கு அது விருப்பம். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கீழே உள்ள வழிகளின் மதிப்பே மாறும்.

சொல்லிக்கொள்ளும் உரிமை. கொடுத்ததை விளம்பரத்தில் சொல்ல விரும்புகிறீர்களா? விரும்புவது தவறில்லை. அதற்குத் தனி விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு விரும்புங்கள்.

## வழி 1: சத்தமில்லாமல் நன்கொடை

எளியது. பெரும்பாலானவர்கள் மதிக்காததும் இதுதான். ஒரு தொகையை, இன்ன செலவுக்குத்தான் என்று கட்டிப்போடாமல் கொடுத்துவிட்டு ஒதுங்குவது. சிறு அமைப்புகளுக்கு இதைவிட உதவியான பணம் இல்லை என்பது என் கருத்து. புதுப் படகு வாங்கப் பத்துப் பேர் முன்வருவார்கள்; படகுக்கு டீசல் போடவும், கணக்கெழுதுபவருக்குச் சம்பளம் கொடுக்கவும் யாரும் முன்வருவதில்லை.

வரி விஷயத்தில் இரண்டு எதிர்பாராத இடங்கள் உண்டு. 80ஜி (பழைய வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைப் பிரிவு) சான்று உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் பொதுவாகத் தொகையில் பாதிக்குக் கழிவு கிடைக்கும், அதற்கும் வருமானத்தைச் சார்ந்த ஓர் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே கிடையாது. ஆனால் 22% என்ற குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு இந்தக் கழிவு இல்லை. கழிவு கிடைக்கும் என்று நம்பித் தொகையைக் கூட்டிவிட்டு, ஆடிட்டர் சொன்ன பிறகு முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு. பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, பெயர்ப்பலகை. பொரிப்பக வாசலில் "இன்னாரின் உதவியுடன்" என்று நன்றிப் பலகை வைப்பதற்கு ஜிஎஸ்டி இல்லை. 2019 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. அதே பலகையில் உங்கள் பொருளையும் விளம்பரம் செய்தால் அது நன்கொடை என்ற நிலையை இழந்து, தொண்டு நிறுவனம் உங்களுக்கு விற்ற சேவையாகிவிடும். வரிக் கேள்வி அப்போது அவர்கள் தலையில் விழும்.

எப்போது இது நல்லது: வருடத்துக்குச் சில லட்சம்வரை கொடுக்க முடிகிற, சிஎஸ்ஆர் கடமை இல்லாத, கூட்டங்களுக்கு நேரமில்லாத நிறுவனங்களுக்கு.

## வழி 2: விற்பனையில் ஒரு பங்கு

"ஒவ்வொரு சட்டைக்கும் பத்து ரூபாய் கடலுக்கு." கேட்க இனிமையாக இருக்கிறது. எடுத்துக்காட்டாக 3,000 சட்டை விற்றால் சேர்வது 30,000 ரூபாய். சட்டைக்குத் தனி லேபிள், ஒரு வீடியோ, சமூக ஊடக விளம்பரம் என்று அதைச் சொல்வதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். வாடிக்கையாளர் தான் கடலுக்குக் கொடுத்ததாக நினைப்பார். உண்மையில் அவர் விளம்பர நிறுவனத்துக்குக் கொடுத்திருப்பார்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. சந்தைப்படுத்தும் ஆதாயத்துக்காகச் செய்யும் ஆதரவு சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆக, கடமை உள்ள கம்பெனி இதைச் செய்தாலும் 2%-ஐ வேறாகத்தான் செலவிடவேண்டும். "கடலைக் காக்கும் சட்டை" என்று எழுதுவதற்கும் இப்போது கட்டுப்பாடு இருக்கிறது: 2024 பிப்ரவரியில் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் வழிகாட்டுதல், அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் பசுமைப் பாசாங்குக்கு எதிரான வழிகாட்டுதல். இரண்டுமே ஆதாரம் கேட்கின்றன. பாலியெஸ்டர் துணியாக இருந்தால் சங்கடம் கூடும். கடலில் எடுத்த பிளாஸ்டிக்கில் நெய்ததாகவே இருந்தாலும், ஒவ்வொரு சலவையிலும் அது நுண்ணிழைகளைத் தண்ணீரில் விடும். திருப்பூர்க்காரர்களுக்கு நொய்யலை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆற்றில் போவது எங்கே போய்ச் சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தொண்டு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது ஆட்டம் காணும் பணம். விற்பனை மந்தமானால் அந்த ஆண்டு காவலர் கூலியும் மந்தமாகிவிடும். இந்த வழிதான் வேண்டும் என்பவர்கள் ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதிசெய்து, அதை விற்பனை தொடங்கும் முன்பே கொடுத்துவிடவேண்டும். விற்பனை கூடினால் மேற்கொண்டு கொடுக்கலாம்.

எப்போது நல்லது: நுகர்வோரிடம் நேரடியாக விற்கும், நல்ல எண்ணிக்கையில் விற்கும், தன் பொருளின் குறையை மறைக்காமல் பேசத் துணிந்த நிறுவனத்துக்கு. என் பட்டியலில் இது கடைசி.

## வழி 3: பல ஆண்டுத் திட்டம்

சிஎஸ்ஆர் கடமை உள்ளவர்கள் யோசிக்கவேண்டியது இதை. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் திமிங்கிலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடிவந்தார்கள். 2001-இல் அது முதல் அட்டவணைக்கு வந்தது. சட்டம் வந்தால் மட்டும் வேட்டை நின்றுவிடாது. வலையில் தற்செயலாக மாட்டும் சுறாவை விடவேண்டும் என்றால் விலையுயர்ந்த வலையை வெட்டவேண்டும். 2004-இல் டாடா கெமிக்கல்ஸ், இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை மூன்றும் சேர்ந்து பிரசாரம் தொடங்கின. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, இந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று கரையோர மக்களிடம் பேசினார். நம் ஊரில் யாராவது அப்படிப் பேசியிருந்தாலும் வலை வெட்டப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நிறுவனங்கள் கவனிக்கவேண்டியது பிரசாரத்துக்குப் பின்னால் இருந்த வேலைப் பங்கீட்டை. வெட்டிய வலைக்கு இழப்பீடு கொடுத்தது வனத்துறை. கிராமம் கிராமமாக நடந்தது அறக்கட்டளையின் ஆட்கள். அந்த ஆட்களுக்கும் ஆய்வுக்கும் ஆண்டுக்கணக்கில் பின்னால் நின்றது கம்பெனிப் பணம். அதிகாரி வந்து பார்க்கும்வரை சுறாவை வலையிலேயே வைத்திருப்பது அதற்கு ஆபத்து என்று தெரிந்தபோது, மீனவர்களிடமே கேமரா கொடுத்துப் படத்தைச் சான்றாக ஏற்கும் முறை வந்தது. ஓராண்டுத் திட்டத்தில் இப்படி ஒரு திருத்தத்துக்கு இடமே இருக்காது. இதுவரை 800-க்கும் மேற்பட்ட சுறாக்கள் விடுவிக்கப்பட்டிருக்கின்றன.

நம் பக்கத்தில் இதற்கு ஏற்ற வேலை பாக் நீரிணையில் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. அழிந்த இடத்தில் மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டிக் கடற்புல்லை நட்டுப் பார்க்கும் வேலையை ஓம்கார் அமைப்பு அங்கே செய்துவருகிறது. நட்ட புல் பிடித்ததா என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் முங்கிப் பார்த்தால்தான் தெரியும். அலையாத்திக் காடும் அப்படித்தான். பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் வனத்துறையோடும் கிராம மக்களோடும் சேர்ந்து, மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டிக் கடல்நீர் வந்துபோக வழி செய்து காட்டை மீட்டது. கால்வாயில் சேறு சேரும், மீண்டும் தூர் வாரவேண்டும். "இத்தனை லட்சம் கன்று நட்டோம்" என்று அறிக்கை போட ஆசைப்படும் கம்பெனிக்குத் தூர் வாரும் செலவு கண்ணில் படாது. கன்றுகள் செத்துப்போவது அதனால்தான்.

மறைந்த செலவு, சட்டத்தில்: தொடர்திட்டம் என்று அறிவித்தால் தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகள்வரை நீட்டலாம், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக்கணக்குக்கு மாற்றவேண்டும். அந்த ஒரு ஏற்பாடே மார்ச் அவசரத்துக்கு மருந்து. பெறும் அமைப்புக்கு, சிஎஸ்ஆர் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவும், கம்பெனி தானே தொடங்காத அமைப்பானால் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். நிர்வாகச் செலவு 5%-க்கு மேல் போகக்கூடாது என்ற விதியைப் பல கம்பெனிகள் தொண்டு நிறுவனத்தின் மீது சுமத்துகின்றன. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் அலுவலகத்துக்குச் செலவிடுவதற்கான வரம்பு. களப்பணியாளர் சம்பளத்தை அதைக் காட்டி வெட்டுவது அறியாமை, சில இடங்களில் அறிந்தே செய்வது.

இன்னொரு செலவு தொண்டு நிறுவனத்துக்கு: அதன் பெயர். ஒடிசாவில் கஹிர்மாதா ஆமைக் கரைக்கு அருகே டாடா ஸ்டீலும் எல் அண்டு டியும் சேர்ந்து தாம்ரா துறைமுகம் கட்டியபோது, ஆமைகளுக்குக் கேடு குறையும்படி ஆலோசனை சொல்ல சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன்-ஐச் சேர்த்துக்கொண்டார்கள். விளக்குகளை மாற்றியமைப்பது, தூர்வாரும் கப்பலில் ஆமை சிக்காமல் தடுப்புக் கருவி பொருத்துவது என்று பயனுள்ள ஆலோசனைகள் வந்தன. ஆனால் துறைமுகம் அந்த இடத்தில் வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த ஆமை ஆய்வாளர்கள் பலருக்கு, மதிப்புள்ள ஒரு பெயர் கேடயமாகப் பயன்படுவதாகவே பட்டது. இரு பக்கமும் சொல்வதில் நியாயம் உண்டு. உங்கள் தொழில் கடற்கரையில் கட்டடமோ துறைமுகமோ என்றால், நல்ல அமைப்புகள் உங்களிடம் தயங்குவதற்கு இதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

## வழி 4: ஆளும் பொருளும்

கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்கும் சனிக்கிழமை எல்லோருக்கும் தெரிந்தது. கெட்டது என்று சொல்லமாட்டேன். பொறுக்கிய மூட்டைகளை யார் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பல இடங்களில் மூட்டைகள் கரையிலேயே கிடந்து அடுத்த காற்றுக்குப் பிரியும். சுத்தம் என்ற பெயரில் அடம்பங்கொடியைப் பிடுங்குவதும் நடக்கிறது. மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

ஆமைக் குஞ்சு விடும் நிகழ்ச்சி இன்னும் தொல்லை. பொரித்து மேலே வந்த குஞ்சைச் சீக்கிரம் விடவேண்டும். விருந்தினரும் நிர்வாக இயக்குநரும் வரும்வரை வாளியில் வைத்திருந்தால், அலையைத் தாண்டி நீந்த வேண்டிய சக்தியை அது வாளியிலேயே செலவழித்துவிடும். அப்படி நேரம் ஒதுக்கித் தருகிற அமைப்போடு சேராதீர்கள். மறுக்கிற அமைப்போடு சேருங்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமை நடையில், அதாவது முட்டைகளைத் தேடி இரவில் கரையோரம் நடப்பதில், பொதுமக்களும் கலந்துகொள்ளலாம். உங்கள் ஊழியர்கள் கற்றுக்கொள்ளப் போகட்டும், ஒரே இரவில் நூறு பேராகப் போகவேண்டாம்.

இந்த வழியின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. சிறு அமைப்புகளுக்கு இல்லாதவை: கணக்கர், வழக்குரைஞர், படகு எஞ்சினைப் பழுதுபார்ப்பவர், காயம்பட்ட ஆமையை ஏற்றிச் செல்ல ஒரு வேன். மீன் கம்பெனியிடம் வேன் இருக்கிறது, மெக்கானிக் இருக்கிறார். மாதம் இரண்டு நாள் உங்கள் கணக்கர் போய் உட்கார்ந்தால் அவர்களுடைய ஆண்டறிக்கை நேரத்தில் முடியும். அதனால் அவர்களுக்கு வேறு நிதியும் வரும். ஒரு குறை: ஊழியர் உழைப்பையும் பொருளையும் பணமாக மதிப்பிட்டு சிஎஸ்ஆர் கணக்கில் ஏற்ற முடியாது.

## வழி 5: உங்கள் விளக்கையும் கொள்முதலையும் மாற்றுவது

இங்கே பணம் தொண்டு நிறுவனத்துக்குக் கொஞ்சமே போகும். அவர்கள் ஆலோசகர், மாறுவது நீங்கள். கடலைத் தொட்டுத் தொழில் செய்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதுதான் என்பது என் முடிவு.

விடுதிக்காரர்: ஆமைக் குஞ்சு வெளிச்சம் அதிகமான திசையை நோக்கிப் போகும். இயற்கையில் அது கடல்பக்கம். விளக்கு எரியும் கரையில் அது உங்கள் நீச்சல்குளம். ஜனவரி முதல் குஞ்சு பொரிந்து முடியும்வரை கடல் பார்த்த விளக்குகளை அணைப்பது அல்லது தரையை நோக்கி மறைப்பது, மணலில் கிடக்கும் சாய்வு நாற்காலிகளை இரவில் உள்ளே எடுப்பது, கரையைச் சமன்செய்ய டிராக்டர் விடாமல் இருப்பது. பொரிப்பகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு விளக்கை எரியவிடுவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகும். மறைந்த செலவு விருந்தினரின் முணுமுணுப்பு. அறையில் ஒரு சிறு அட்டையில் காரணத்தை எழுதி வைத்தால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

ஏற்றுமதிக்காரர்: விசைப்படகு இழுத்துச்செல்லும் வலையான இழுவைமடியில் மாட்டும் ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாகிறது. வலையிலிருந்து ஆமை வெளியேற வழிவிடும் 'டெட்' சாதனத்தை இந்திய மீனவர்களுக்கு ஏற்றபடி கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. இது இல்லாததால்தான் கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை. விசைப்படகு உரிமையாளர்கள் தயங்குவது மீனும் அதே வழியே போய்விடும் என்ற அச்சத்தால். அந்த இழப்பில் ஒரு பகுதியைக் கொள்முதல் விலையில் நீங்கள் ஏற்றுக்கொண்டால் பேச்சு தொடங்கும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி போட்ட படகின் மீனை வாங்கமாட்டேன் என்று சொல்வது அடுத்த படி. சொல்வது எளிது, எந்தப் படகு எங்கே போட்டது என்று கண்காணிக்கவும், மாறிய படகுகளுக்குப் பயிற்சி கொடுக்கவும்தான் தொண்டு நிறுவனம் தேவைப்படும். வளர்ப்பு இறால் மட்டும் விற்பவர்களும் முழுக்கத் தப்பிவிட முடியாது, தீவனத்தில் சேரும் மீன்தூள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

செலவு இங்கே கூடுதல்: வாங்கும் விலை, வழக்கமாக மீன் தருபவரோடு மனக்கசப்பு, ஆவண வேலை. படம் எடுத்துப் போட எதுவும் இருக்காது.

## ஒரு பார்வையில்

| வழி | பணம் காலத்தில் சேருமா | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| நன்கொடை | நீங்கள் நினைத்தால் நவம்பரிலேயே | வரிக் கழிவு கிடைக்காமல் போகலாம் | சிறு, நடுத்தர நிறுவனம் |
| விற்பனைப் பங்கு | விற்பனையைப் பொறுத்தது | விளம்பரச் செலவு, ஆதாரச் சுமை | நுகர்வோர் பொருள் விற்பவர் |
| பல ஆண்டுத் திட்டம் | தொடர்திட்டமாக அறிவித்தால் சேரும் | கண்காணிப்பு, அமைப்பின் நற்பெயர் | சிஎஸ்ஆர் கடமை உள்ளவர் |
| ஆளும் பொருளும் | உடனே | சிஎஸ்ஆரில் சேராது | திறமையும் வண்டியும் உள்ளவர் |
| சொந்த மாற்றம் | பணம் சிறு பங்குதான் | விலை, உறவுக் கசப்பு | கடலைத் தொட்டுத் தொழில் செய்பவர் |

விடுதிக்காரருக்கு என் பரிந்துரை ஐந்தாவது வழி, அதோடு நவம்பரில் ஒரு நன்கொடை. ஏற்றுமதிக்காரருக்கு ஐந்தாவதும் நான்காவதும். கடமை வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் மூன்றாவது. பனியன் கம்பெனிக்கு முதலாவதே போதும்.

## கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும். பணம் வரும் மாதம். யாருடைய படத்தை யார் எங்கே பயன்படுத்தலாம் என்பது. இறப்புக் கணக்கு உட்பட எல்லா விவரத்தையும் அமைப்பு வெளியிடலாம் என்ற உறுதி. உங்களுக்குச் சங்கடமான எண்ணாக இருந்தாலும் தடுக்கக்கூடாது. கடைசியாக, விலகும் விதி: எந்தப் பக்கம் விலகுவதானாலும் ஆகஸ்டுக்குள் சொல்லிவிடவேண்டும். அப்போதுதான் அந்த அமைப்புக்கு டிசம்பருக்குள் வேறொருவரைத் தேட நாலு மாதம் கிடைக்கும்.